பெரியவருக்குக் கத்தம்

பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, மூக்குக் கண்ணாடி. மைக்கை நீட்டினார்கள், வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அந்த ஆபீசர் இப்ப எங்க சார் இருக்காரு?"

கேள்வி எனக்கு. போன ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம். திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். பயங்கரவாதத் தடுப்பு வேலையில் காவல்துறைக்கும் முஸ்லிம் மக்களுக்கும் நடுவே விழுந்துவிட்ட தூரத்தைக் குறைக்க வேண்டும் என்று, நகரத்துக்குப் புதிதாக வந்திருந்த பெண் அதிகாரி ஒருவர் கூட்டிய கூட்டம் அது. ஒரு பக்கம் ஜமாத் நிர்வாகிகளும் கடைக்காரர்களும். இன்னொரு பக்கம் சாதாரண உடையில் காவலர்கள். நடுவில் இருந்த வழியில் ஒரு பெடஸ்டல் ஃபேன், இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறித் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது.

நான் காவல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. இருந்தாலும் இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு என்னை அழைப்பார்கள். இளம் காவலர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பு கொஞ்சம் பிரபலம். முஸ்லிம் வீடுகளில் புழங்கும் சொற்களைப் பட்டியல் போட்டு விளக்குவேன். பயான் என்றால் சொற்பொழிவு, மஷ்வரா என்றால் கலந்தாலோசனை, சில்லா என்றால் நாற்பது நாள் மார்க்கப் பயணம். கடைசியில் ஒரு கதை சொல்வேன். அன்றும் சொன்னேன்.

வடக்கே ஒரு மாவட்டம். ஒரு அதிகாரிக்குத் தகவல் வருகிறது. சந்தேகப் பட்டியலில் இருக்கும் ஒருவர் போனில், "வெள்ளிக்கிழமை பெரியவருக்குக் கத்தம். பதினஞ்சு பேரு, ஆளுக்கு ரெண்டு. முப்பதும் முடிஞ்சிரும்" என்று பேசியிருக்கிறார். அதே வெள்ளிக்கிழமை ஊருக்கு ஒரு முக்கியப் பிரமுகர் வருகிறார். அதிகாரிக்கு இந்தி தெரியும். இந்தியில் கத்தம் என்றால் முடிந்தது, தீர்ந்தது. பெரியவரைத் தீர்த்துக்கட்டப் பதினைந்து பேர், ஆளுக்கு இரண்டு குண்டு என்று கணக்குப் போட்டு, ஆளைத் தூக்கிவிடுகிறார். விசாரித்தால், பெரியவர் என்பது அவருடைய இறந்துபோன தகப்பனார். கத்தம் என்பது இறந்தவருக்காகக் குர்ஆன் முழுவதையும் ஓதி முடிப்பது. குர்ஆனில் முப்பது பாகம். பதினைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு பாகம் ஓதினால் ஒரே அமர்வில் முடிந்துவிடும்.

இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பு வரும். அன்றும் வந்தது. ஜமாத் செயலாளர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தக் கேள்வி.

"ரிட்டையர் ஆயிட்டார்" என்றேன்.

"நல்லா இருக்காரா?"

"இருக்கார்."

"சந்தோஷம் சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வாரா வாரம் எழுதும் இந்தத் தொடரில் இதுவரை நான் நல்லவனாகவே வந்துகொண்டிருக்கிறேன் என்று துறையூரிலிருந்து ஒரு வாசகர் கிண்டலாக எழுதியிருந்தார். அவருக்கு இந்த வாரம் குறை இருக்காது. அந்த அதிகாரி நான்தான். வடக்கே எந்த மாவட்டமும் இல்லை. நடந்தது இதே ஊரில். எழுந்து நின்றவரின் பெயர் காஜா மைதீன். நான் அன்று பிடித்துவரச் சொன்ன ஆள்.

என் இந்தி

எனக்குப் படிப்பில் கர்வம் உண்டு. காவல் வேலைக்கு வந்தபோது என்னோடு சேர்ந்தவர்களில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தவன் நான் ஒருவன்தான். பிறகு வடக்கே ஒரு நகரத்தில் மூன்று வருடம் இருக்க நேர்ந்தது. அங்கே இந்தி கற்றுக்கொண்டேன். எழுத வராது, பேச வரும்.

அந்தத் தெருவில் பால் ஊற்றிய கிழவர் ஒருவர் இருந்தார். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் கேனைக் கவிழ்த்துக் காட்டி, "தூத் கத்தம், சாப்" என்பார். பால் தீர்ந்துவிட்டது. முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது. மூன்று வருடத்தில் நான் அதிகம் கேட்ட இந்திச் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

திருச்சிக்குத் திரும்பிய பிறகு, எங்கள் பிரிவில் வட இந்தியர்கள் சம்பந்தப்பட்ட எதுவானாலும் என்னிடம் வந்தது. உருது, அரபு என்று யாராவது பேச்செடுத்தாலும் என்னிடமே வந்தது. எனக்கு அவை தெரியாது. தெரியாது என்று ஒருமுறைகூட நான் சொன்னதில்லை.

பின்னாளில் யோசித்துப் பார்த்தேன். பால்காரரின் கத்தமும் காஜா மைதீன் வீட்டுக் கத்தமும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்தான். ஒன்று தீர்ந்துபோவது, மற்றது நிறைவு செய்வது. நான் தீர்ந்துபோவதை மட்டும் தெரிந்துவைத்திருந்தேன்.

பட்டியலில் இருந்த கடை

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வேறொரு ஊரில் ஏதோ நடந்து, எல்லா நகரங்களிலும் பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். செம்புக் கம்பி, பேட்டரி, டைமர் புழங்கும் கடைகள். காஜா மைதீன் மோட்டார் காயில் கட்டுகிறவர். தண்ணீர் மோட்டார், மிக்ஸி, கிரைண்டர். அவர் கடை பட்டியலில் ஏறியது.

பொன்மலை ரயில்வே குடியிருப்புக்குப் போகும் வழியில் அதே கம்பியும் அதே வார்னிஷும் வைத்துக்கொண்டு மூன்று கடைகள் இருந்தன. அவை ஏறவில்லை. அந்தக் கடைக்காரர்களின் பெயர்கள் வேறு மாதிரியானவை. பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அப்போது இது எனக்கு உறுத்தவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கடைக்கு எதிரே டீக்கடையில் எங்கள் ஏட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். செல்வராஜ் என்று பெயர். வையம்பட்டிக்காரர். பேச்சை வார்த்தை மாறாமல் மனதில் வாங்கி எழுதுவதில் அவருக்கு நிகர் கிடையாது. காஜா மைதீன் கடை வாசலில் நின்று செல்போனில் பேசியதை அவர்தான் சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் எழுதி வந்தார். நான் மேலே சொன்ன அதே வாக்கியங்கள். கூடவே, "அஸருக்கப்புறம் வெச்சுக்கலாம்." அஸர் என்பது மாலை நேரத் தொழுகை. ஏறக்குறைய நாலரை மணி.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ஒரு பிரமுகர் ஸ்ரீரங்கம் கோவிலுக்கு வருவதாக இருந்தது. எங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது அப்படிப்பட்டவர்களைப் பெரியவர் என்றுதான் சொல்வோம்.

செல்வராஜ் போகாமல் நின்றார். "ஐயா, அந்த வீட்டுல சமீபத்துல ஒரு சாவு விழுந்திருக்குன்னு டீக்கடையில பேசிக்கிறாங்க. பள்ளிவாசல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரட்டுமா? அஞ்சு நிமிஷம்."

"கத்தம்னா என்னான்னு எனக்குத் தெரியும்யா" என்றேன்.

அந்த ஐந்து நிமிடத்தை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

மூன்று மணிக்கு வந்த போன்

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தவரை வண்டியில் ஏற்றினார்கள். என் அறைக்கு வந்தபோது விரல்களில் வார்னிஷ் வாசனை இருந்தது. வயது முப்பத்தைந்து இருக்கும். தொப்பியைக் கழற்றச் சொன்னேன். எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கழற்றி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் அவரை அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்பதைப் பெரிய விஷயமாகப் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பெரியவர் யார்? "எங்க அத்தா சார். கடைப் பசங்க எல்லாம் பெரியவர்னுதான் கூப்பிடுவாங்க. இன்னைக்கு நாப்பதாம் நாள்." கத்தம் என்றால்? சொன்னார். முப்பது? அதையும் சொன்னார். நான் சர்க்கரை போடாத டீ வரவழைத்துக் குடித்துக்கொண்டே கேட்டேன். கதையை நன்றாகத்தான் தயாரித்திருக்கிறான் என்று நினைத்தேன்.

செல்வராஜை அந்த வீட்டுக்கு அனுப்பினேன். மூன்று மணிக்கு அவர் போன் செய்தார்.

"ஐயா, வெள்ளைத் துணி விரிச்சு வெச்சிருக்காங்க. முப்பது பொஸ்தகம் தனித்தனியா அடுக்கியிருக்கு. பள்ளிவாசல் அசரத்து வந்து உக்காந்துட்டாரு. கடைக்காரரு சொன்னது அத்தனையும் சரிங்கய்யா. அனுப்பி வெச்சுரலாம்."

அப்போது மணி மூன்று. கத்தம் ஆரம்பிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. வீடு பத்து நிமிடத் தொலைவு.

நான் அனுப்பவில்லை. காலையிலேயே தகவல் மேலே போய்விட்டிருந்தது. பிரமுகர் வரும் வழியை மாற்றியிருந்தார்கள். காவிரிப் பாலத்தில் இரண்டு மடங்கு ஆட்களைப் போட்டிருந்தார்கள். உத்தர வீதியில் கடைகளை அடைக்கச் சொல்லியிருந்தார்கள். இத்தனையும் ஒரு சொல்லை நம்பி. அந்தச் சொல்லுக்கு நான் அர்த்தம் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று போன் செய்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பெரியவர் கிளம்பிப் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

நாலரை மணிக்குத் தூரத்தில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சத்தம் கேட்டது. காஜா மைதீன் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கெஞ்சியிருந்தால் எனக்கு அந்த மாலை சற்றுச் சுலபமாகக் கழிந்திருக்கும்.

ஏழு மணிக்கு விட்டேன். அவருடைய பங்கு இரண்டு பாகத்தை வேறு யாரும் ஓத வேண்டாம், மகன் வந்து ஓதட்டும் என்று அவர் அம்மா சொல்லிவிட்டதாகவும், மற்றவர்கள் இருபத்தெட்டோடு நிறுத்திக்கொண்டு அவருக்காகக் காத்திருந்ததாகவும் செல்வராஜ் மறுநாள் சொன்னார். நான் பேச்சை மாற்றினேன்.

இரண்டு வார்த்தை

மறுநாள் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. "சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதால் ஏற்பட்ட நடவடிக்கை, இவர் மீது சந்தேகத்துக்கு இடமில்லை" என்று எழுதியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் எழுதியது வேறு. "விசாரித்து, எச்சரித்து அனுப்பப்பட்டார். தொடர் கண்காணிப்பு தேவை."

கடைசி வரியை எழுதியதற்கு ஒரே காரணம், முதல் நாள் நடந்த அத்தனைக்கும் ஏதோ அடிப்படை இருந்தது போலத் தோன்ற வேண்டும் என்பதுதான். விழிப்புடன் செயல்பட்டதற்காக எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கிடைத்தது.

காவல்துறைக் கோப்பில் "தொடர்" என்று எழுதுவது சுலபம். அது தொடர்ந்துகொண்டே இருக்கும். எழுதியவன் மாற்றலாகிப் போவான், ஓய்வு பெறுவான். அடுத்து வருகிறவன் ஏன் எழுதினார்கள் என்று தெரியாமல் அதையே அடுத்த வருடத்துக்கும் எழுதுவான். எடுத்துவிட்டு நாளை ஏதாவது நடந்தால் யார் பதில் சொல்வது?

இதன் பலன் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு வைகுண்ட ஏகாதசிக்கும், ஒவ்வொரு பிரமுகர் வருகைக்கும், பட்டியலில் உள்ளவர்களை முன்தினமே வரவழைத்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைப்பது பல இடங்களில் வழக்கம். விசாரணை கிடையாது, வழக்கு கிடையாது. உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறந்து நாங்கள் கூட்டத்தோடு உள்ளே போகும் நேரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் கடையைச் சாத்திவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கத்தாரில் அவருக்குக் கிடைத்த வேலை, பாஸ்போர்ட் விசாரணையில் நின்றுபோனது என்றும் ஒருமுறை காதில் விழுந்தது.

ஓய்வு பெற்ற பிறகு வகுப்பெடுக்க ஆரம்பித்தபோது, இந்தச் சம்பவத்தை வடக்கே ஒரு மாவட்டத்துக்கு மாற்றி, சிரிக்கும்படியாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். நல்ல நோக்கத்தோடுதான் சொல்கிறேன் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

சர்க்கரை இல்லாத டீ

கூட்டத்துக்கு வருகிறேன். காஜா மைதீன் உட்கார்ந்த பிறகு ஜமாத் செயலாளர் பேசினார். பையன்கள் சில்லா போனால் காவலர்கள் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள் என்பது அவருடைய குறை.

"விசாரிங்க, வேணாம்னு சொல்லல. பக்கத்து வீட்டுல கேக்காதீங்க. எங்ககிட்ட கேளுங்க. பக்கத்து வீட்டுல நீங்க கேட்டுட்டுப் போனா, அடுத்த மாசம் அந்தப் பையன் வீட்டுப் பொண்ணுக்கு வந்த வரன் திரும்பிப் போவுது."

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு காவலர், "கேட்டா உள்ளதைச் சொல்லுவீங்களா பாய்?" என்றார்.

"இதுவரைக்கும் நீங்க கேட்டதே இல்லையே தம்பி. ஒருவாட்டி கேட்டுப் பாருங்க."

அன்று அந்த மண்டபத்தில் பேசப்பட்டவற்றில் உருப்படியானது இந்த நாலு வரிதான் என்று நினைக்கிறேன். பெண் அதிகாரி குறித்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர் நீண்டது. காஜா மைதீன். தாடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

"சர்க்கரை போடல சார். அன்னைக்கும் போடாமத்தான் குடிச்சீங்க."

வாங்கிக்கொண்டேன்.

"நோட்டீசுல உங்க பேரு இருந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் வந்தேன். கதை நல்லா இருந்துச்சு சார். முன்னமே கேள்விப்பட்டிருக்கேன். நீங்க வாயால சொல்றதை ஒருதடவை கேக்கணும்னு இருந்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் வாடிக்கையாளரிடம் மோட்டாரில் என்ன பழுது என்று விளக்குவதைப் போலத்தான் பேசினார். அவர் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சாவதற்குள் மக்காவுக்குப் போய் உம்ரா செய்துவிட வேண்டும் என்று ஒரே ஆசை. ஒரே மகன், அவர் கூடப் போனால்தான் அந்த அம்மா போவார். இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் காவல்துறை விசாரணையில் அவர் பாஸ்போர்ட் நின்றுவிட்டது. இப்போது மூன்றாவது முறை. பெண் அதிகாரியிடம் போய் நின்றிருக்கிறார். அந்த அதிகாரி இவருடைய கோப்பை வரவழைத்துப் பார்த்து, காரணம் எதுவும் இல்லாமல் ஒரு வரி இருக்கிறது, எழுதியவர் வந்து விளக்கம் கொடுத்தால் அதை நீக்கப் பரிந்துரைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

"அம்மாவுக்குப் போன வருஷம் வரைக்கும் நடை இருந்துச்சு. இப்ப கையைப் புடிச்சுக்கணும். அடுத்த வருஷம் எப்படின்னு தெரியல. ஒரு வரிதானே சார். நீங்க எழுதினதுதானே."

பதினோரு நாள்

உடனே போய் எழுதிக் கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்குப் போன் செய்தேன். "இப்ப எதுக்குய்யா இதைக் கிளறுறே? இந்த ஒரு வரியைத் தப்புன்னு நீ எழுதிக் குடுத்தா, நாம எழுதின ஒவ்வொரு வரிக்கும் கேட்டு வருவானுங்க" என்றார். அது அவ்வளவு மோசமான விஷயமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் சொன்னது எனக்கு அப்போது ஆறுதலாகத்தான் இருந்தது. முழங்கால் வலி என்று ஒரு வாரத்தை ஓட்டினேன்.

என் மனைவி கோமதி கண்டுபிடித்துவிட்டாள். காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்ன என்று கேட்டாள். சொன்னேன். அந்தக் கதையை அவளும் பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். விருந்தாளிகள் வந்தால் அவளே எடுத்துக் கொடுப்பாள்.

"அப்ப இத்தனை வருஷமா என்னையும் சேத்துச் சிரிக்க வெச்சிருக்கீங்க" என்றாள்.

சமையலறைக்குப் போனவள் திரும்பி வந்து, "அந்த அம்மாவுக்கு என்ன வயசுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

யார் பிழை

அந்தப் பெண் அதிகாரிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். வீட்டிலேயே எழுதி எடுத்துச் சென்றிருந்த தாளைக் கொடுத்தேன். படித்தார். பென்சிலால் ஒரு இடத்தில் கோடு போட்டு என் பக்கம் திருப்பினார்.

"தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட பிழை காரணமாக" என்று எழுதியிருந்தேன்.

"யார் பிழை சார்?"

அதட்டிக் கேட்கவில்லை. தாளில் ஒரு காலி இடத்தை நிரப்பச் சொல்வதைப் போலக் கேட்டார். முப்பது வருடத்துக்கு மேல் பிறரிடம் வாக்குமூலம் வாங்கியவன் நான். யார் செய்தது என்று சொல்லாமல் நடந்ததை மட்டும் சொல்கிறவனை எத்தனை முறை மடக்கியிருப்பேன்.

புதுத் தாள் கேட்டு வாங்கி, அவர் எதிரிலேயே எழுதினேன். "ஒரு சொல்லின் பொருளை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். விசாரித்துத் தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் விசாரிக்கவில்லை. என் தவறு அன்று பிற்பகல் மூன்று மணிக்கே எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் அவரை அனுப்பவில்லை. தொடர் கண்காணிப்பு தேவை என்று நான் எழுதியதற்கு எந்த ஆதாரமும் இல்லை." தேதி, கையெழுத்து. இரண்டாவது முறை படித்தபோது அவர் பென்சிலைத் தொடவில்லை. அதே பட்டியலில் காரணம் இல்லாத வரிகள் இன்னும் இருக்கின்றன, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து நேராகக் காஜா மைதீன் கடைக்குப் போனேன். மேசையின் ஓரத்தில் பொருத்திய சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். செம்புக் கம்பி ஓடி ஏறியது. என்னைப் பார்த்து, ஸ்டூலைக் காலால் நகர்த்திப் போட்டார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. சுற்றுகளை எண்ணுகிறார்.

எழுதிக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். தலையசைத்தார். என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். இதைச் சொல்ல நான் பல தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். சொன்னபோது ஒத்திகையில் இருந்த எதுவும் வரவில்லை. இந்த ஒரு வாக்கியம்தான் வந்தது.

"நூத்தி பதினாலு, நூத்தி பதினஞ்சு" என்று அவர் எண்ணிக்கை கொஞ்சம் உரக்க வந்தது. கை நிற்கவில்லை. நூற்றிருபது வந்ததும் கம்பியைக் கத்தரித்தார். "நடுவுல விட்டா மறுபடி மொதல்லேர்ந்து சுத்தணும் சார்" என்றார். அதற்குள் ஒரு பெண் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கீழே நின்ற ஆட்டோ

பாஸ்போர்ட் வந்தது. இந்த வருடம் வைகுண்ட ஏகாதசிக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. இரண்டையும் செல்வராஜ்தான் போனில் சொன்னார்.

அதன் பிறகு ஒரு நாள் காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. காஜா மைதீன் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். "அம்மா கீழ ஆட்டோவுல இருக்காங்க. மாடி ஏற முடியாது. நீங்க ஒரு நிமிஷம் எறங்கி வர முடியுமா சார்?" என்றார். நானும் கோமதியும் இறங்கிப் போனோம்.

ஆட்டோவின் பின்சீட்டில் வெள்ளைத் துப்பட்டி போர்த்து, மெலிந்த, சின்ன உருவமாக ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினார்.

"தம்பி, புதன்கிழமை பயணம்" என்றார். "போறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் கேட்டுட்டுப் போவணும். நான் உங்களை ரொம்ப ஏசியிருக்கேன். தொழுதுட்டு உக்காந்து துஆவுலயே ஏசியிருக்கேன். உங்க வம்சத்தைக்கூடச் சொல்லியிருக்கேன். பொறுத்துக்குங்க."

காஜா மைதீனைப் பார்த்தேன். புனிதப் பயணம் போகிறவர்கள் கிளம்புமுன் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் போய் மன்னிப்புக் கேட்பார்கள் என்பது என் வகுப்புப் பட்டியலிலேயே இருக்கிறது. நானே விளக்கியிருக்கிறேன். என் வீட்டு வாசலுக்கு அப்படி யாராவது வருவார்கள் என்று நினைத்ததில்லை.

"நான்தான் உங்ககிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"அது வேற சார்" என்றார் காஜா மைதீன். "அம்மா கேட்டதுக்கு நீங்க வாயால சொல்லணும். சொன்னாத்தான் அவங்களுக்கு மனசு ஆறும். இன்னும் நாலு வீடு போவணும்."

கோமதி என் முழங்கையைத் தொட்டாள்.

"பொறுத்துக்கிட்டேம்மா" என்றேன்.

அந்த அம்மா கையைத் தூக்கி ஏதோ ஓதிவிட்டு, போகலாம் என்று மகனுக்குச் சைகை காட்டினார். எந்தக் குற்றமும் செய்யாத ஒருவருக்கு நான் மன்னிப்புக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

காஜா மைதீன் ஆட்டோவில் ஏறப் போனவர் நின்றார்.

"அன்னைக்குக் கடையில நீங்க கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கு சார். பதில் சொல்லணும்னு இருந்தா நானே வந்து சொல்றேன்."

ஆட்டோ அம்மா மண்டபம் சாலைப் பக்கம் திரும்பியது.

அவர்கள் நல்லபடியாகப் போய்த் திரும்பி வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சில மாதங்கள் ஆகின்றன. வகுப்புகளில் அந்தக் கதையை இப்போதும் சொல்கிறேன், ஊரையும் ஆளையும் மாற்றாமல். யாரும் சிரிப்பதில்லை. பாலக்கரை வழியாகப் போகும்போது அந்தக் கடை திறந்திருப்பதைப் பார்க்கிறேன். உள்ளே போவதில்லை. நான் கேட்க வேண்டியதை ஒருமுறை கேட்டாகிவிட்டது. சொல்வதும் சொல்லாததும் அவருடைய விருப்பம்.